நாக்கின் கீழ் மாத்திரை, கையில் காப்பிப் பொட்டலம்

வாசகர் கேள்வி: எனக்கு 61 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பிறையில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 12 ஆண்டுகளாக இனிப்பு நீர். சனிக்கிழமைகளில் பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுவது வழக்கம். கொஞ்ச நாளாகப் பாதிப் படியில் நெஞ்சை இறுக்குகிறது, இடது தோள்வரை இழுக்கிறது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். அதன் பிறகு உச்சிவரை ஏறினாலும் வலி வருவதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்து ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின், பிசோபுரோலோல், ஐசோர்டில், நாக்குக்கு அடியில் வைக்கும் ஜி.டி.என். எல்லாம் கொடுத்தார்கள். ஐசோர்டிலை மாலை ஆறு மணிக்குப் பிறகு தொடாதே என்றார்கள், ஏன் என்று சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாய்ண்ட்மெண்டுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. என் மச்சான் 'நைட்ரிக் ஆக்சைடு' தூள் என்று ஒன்றை நேரடி விற்பனையில் விற்கிறார். நோபல் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு, அடைப்பைத் திறக்கும், மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார். கூட ஏறும் நண்பரோ, சின்னச் சின்ன வலி இதயத்தைப் பழக்கிவிடும், நிற்காமல் ஏறு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்று, சில இரவுகளில் தொங்காட் அலி காப்பி குடிப்பதுண்டு. அதில் ஒன்றும் இல்லையே?

பதில்:

அன்புள்ள ஐயா,

போகிற போக்கில் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் காப்பியிலிருந்து தொடங்குகிறேன். மச்சானின் தூளையும் நண்பரின் யோசனையையும் நிதானமாகப் பேசலாம். காப்பியை இன்றிரவே நிறுத்துங்கள்.

தொங்காட் அலி வேரோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. பொட்டலத்தின் மேல் எழுதாமல் உள்ளே போட்டிருப்பதுதான் பயம். ஆண்களுக்கென்று இங்கே விற்கிற காப்பி, தேன், மிட்டாய் வகைகளில் சில்டெனாஃபில், தடலாஃபில், அல்லது அவற்றின் வடிவத்தைச் சற்றே மாற்றிய ரசாயனங்கள் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சில்டெனாஃபில் என்பது வயாக்ராவில் இருக்கும் மருந்து. 'குடித்த அன்றைக்கே தெரிகிறது' என்று ஒரு மூலிகைக் காப்பிக்குப் பேர் இருந்தால் எனக்கு அங்கேதான் சந்தேகம் வரும். வேர்களுக்கு அவ்வளவு அவசரம் கிடையாது.

உங்களிடம் இருக்கும் ஜி.டி.என்., ஐசோர்டில் இரண்டுமே நைட்ரேட் மருந்துகள். உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடைத் தந்துதான் அவை வேலை செய்கின்றன. அந்த வாயு இரத்தக் குழாயின் தசைச் சுவருக்குள் நுழைந்து குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்குகிறது. அந்த நொதி சி.ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறை உண்டாக்குகிறது. சி.ஜி.எம்.பி. கூடக் கூடத் தசை தளர்ந்து குழாய் விரியும். அது எல்லை மீறாமல் இருக்க, சி.ஜி.எம்.பி.யை உடைத்துப் போடுவதற்கென்றே வேறொரு நொதி இருக்கிறது. சில்டெனாஃபில் கட்டிப்போடுவது அந்த இரண்டாவது நொதியைத்தான். குழாயை முழுக்கத் திறந்துவிட்டுத் தண்ணீர் போகும் வழியையும் அடைத்துவிட்டால் குளியலறையில் என்ன நடக்குமோ, அதுதான் இங்கேயும். உடம்பெங்கும் குழாய்கள் ஒரே நேரத்தில் விரிந்து இரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஏற்கெனவே குறுகிப்போன இதயக் குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ள அழுத்தமே இருக்காது. வலிக்கு வைத்த மாத்திரையே ஆளைச் சாய்த்துவிடும்.

சில்டெனாஃபில் எடுத்தவருக்கு 24 மணி நேரமும், தடலாஃபில் எடுத்தவருக்கு 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. உள்ளே இருப்பது எது, எவ்வளவு என்றே தெரியாத பொட்டலத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அதுவும் நீங்கள் ஐசோர்டிலைத் தினமும் சாப்பிடுகிறவர். ஆகவே இடைவெளி விட்டுக் குடிக்கலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏதோ ஒரு நாள் குடித்துவிட்டு நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், முதல் வாக்கியமாக 'இந்தக் காப்பி குடித்தேன்' என்று சொல்லுங்கள். பக்கத்தில் மருமகள் நிற்கிறாள் என்று விழுங்கிவிடாதீர்கள்.

காப்பியை ஏன் குடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஊகிக்க முடிகிறது. ஓர் இதயநோய் மருத்துவருக்கு அந்த ஊகம் ஈ.சி.ஜி. தாளைவிடக் கூடுதலாகச் சொல்லும். ஆணுறுப்புக்குப் போகும் குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத் தமனி மூன்று நான்கு மில்லிமீட்டர். இரண்டும் விரிவது நைட்ரிக் ஆக்சைடால். சுரப்பு குறையும்போது சின்னக் குழாய் முதலில் தடுமாறும். நெஞ்சு வலி தலைகாட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே பல ஆண்களுக்கு இந்தக் குறை தொடங்கிவிடுகிறது. கிளினிக்கில் இதையும் சொல்லுங்கள். நைட்ரேட் இல்லாமல் வேறு மருந்துகளால் உங்கள் நெஞ்சு வலியைக் கட்டுப்படுத்த முடியுமென்றால், பின்னால் இதற்கும் முறையாக வழி தேடலாம். இன்னொரு தகவல்: சில்டெனாஃபிலையே முதலில் சோதித்துப் பார்த்தது நெஞ்சு வலிக்காகத்தான். அதில் சோபிக்கவில்லை. மற்றது உலகத்துக்கே தெரியும்.

இனி மச்சானிடம் வருவோம். அவர் சொன்னதில் நோபல் பரிசு நிஜம். 1998இல் ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். நைட்ரோகிளிசரின் (உங்கள் ஜி.டி.என்.தான் அது) நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டுத்தான் குழாயைத் தளர்த்துகிறது என்று முராட் 1977இல் காட்டினார். ஃபர்ச்காட்டின் 1980ஆம் ஆண்டுச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முயலின் பெருந்தமனியிலிருந்து எடுத்த வளையத்தில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விட்டால் அது தளர்ந்தது. அதே வளையத்தின் உட்புறத்தைத் தேய்த்து, அங்கே படிந்திருக்கும் ஒற்றை அடுக்குச் செல்களை அகற்றிவிட்டால் தளர மறுத்தது. அப்படியென்றால் அந்த உள்வரிச் செல்கள் தசைக்கு ஏதோ செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது 1987 வாக்கில் உறுதியானது. உறுதிப்படுத்தியவர்களில் இங்கிலாந்தில் இருந்த சால்வடோர் மொன்காடாவும் ஒருவர். அவருக்குப் பரிசில் பங்கு கிடைக்காததை எங்கள் துறையில் இன்றும் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

அந்த வாயுவுக்கு ஆயுள் சில விநாடிகள்தான். எந்தப் பாக்கெட்டிலும் அதை அடைக்க முடியாது. மச்சானின் தூளில் இருப்பது பெரும்பாலும் எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம், கொஞ்சம் பீட்ரூட் பொடி, இனிப்பு, நிறம். உள்வரிச் செல்கள் ஆர்ஜினினையும் ஆக்சிஜனையும் கொண்டுதான் நைட்ரிக் ஆக்சைடு செய்கின்றன. அதனால் ஆர்ஜினினைக் கூட்டினால் நைட்ரிக் ஆக்சைடும் கூடுமே என்று தோன்றும். விற்பவர்கள் நிற்பது இந்த இடத்தில்தான். ஆராய்ச்சியாளர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினார்கள்.

எண்ணியதோடு விடாமல் சோதித்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் மாரடைப்பு வந்து தேறிய 153 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஆர்ஜினின் 3 கிராம் வீதம் தினம் மூன்று வேளை, ஆறு மாதம் கொடுப்பது என்று திட்டம். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. குழாய்களின் விறைப்பும் குறையவில்லை, இதயத்தின் இறைக்கும் திறனும் கூடவில்லை. ஆர்ஜினின் சாப்பிட்டவர்களில் ஆறு பேர் இறந்துபோனார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2006இல் வெளியான முடிவு இது. சிறிய ஆய்வுதான், உங்களுக்கு மாரடைப்பு வந்ததாகவும் தெரியவில்லை. ஆனாலும் இதய நோயாளி ஒருவர் இந்தத் தூளைக் குடிக்கலாமா என்று கேட்டால், இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு நான் தலையாட்ட முடியாது.

ஏன் இப்படி ஆகிறது? ஆர்ஜினின் பற்றாக்குறை உங்கள் பிரச்சினையே அல்ல. இரத்தத்தில் அது போதுமான அளவு இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நொதிக்கு ஒரு துணை மூலக்கூறு வேண்டும். டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்று வாயில் நுழையாத பெயர். உயர்ந்த சர்க்கரை, சிகரெட் புகை, கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம் இவையெல்லாம் அதைக் கெடுத்துவிடும். துணை கெட்டுப்போனால் நொதி சும்மா இருப்பதில்லை, தடம் மாறி நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதில் சூப்பர் ஆக்சைடு என்ற தீவிர ஆக்சிஜன் மூலக்கூறைக் கக்குகிறது. மிச்சமிருக்கும் நைட்ரிக் ஆக்சைடும் அதோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற நச்சாக மாறும். அந்த நிலையில் மூலப்பொருளைக் கொட்டிப் பயன் இல்லை. உங்களுக்கு 12 ஆண்டு இனிப்பு நீர் என்பதை மச்சான் கணக்கில் எடுத்தாரா? மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வு சொன்னது. நம் இந்தியர்களிடையே அது அதைவிடக் கூடுதல். இந்தத் தூளை விற்கும் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரியும்.

மருந்தாகப் பதிவான பொருள் என்றால் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். உணவுப் பானமாக விற்கிற தூளில் அது இருக்காது. அப்படிப்பட்ட பொருளுக்கு நோய் தீர்க்கும் என்று சொல்லி விளம்பரம் செய்ய அனுமதியும் கிடையாது.

உங்கள் நண்பரை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. அவர் சொல்வதில் அரைவாசி, இதயவியலில் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று. 1986இல் அமெரிக்காவில் மரி, ஜென்னிங்ஸ், ரீமர் மூவரும் நாய்களின் இதயத் தமனி ஒன்றை ஐந்து நிமிடம் அடைத்து ஐந்து நிமிடம் திறந்தார்கள். இப்படி நான்கு முறை. அதன் பிறகு அதே தமனியை 40 நிமிடம் அடைத்தார்கள். முன்பழக்கம் பெறாத இதயங்களோடு ஒப்பிட்டால் செத்துப்போன தசை நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. குறுகிய அடைப்பு பெரிய அடைப்புக்கு இதயத்தைத் தயார்ப்படுத்துகிறது. படியில் முதல் முறை வலித்து, உட்கார்ந்து எழுந்த பிறகு வலிக்காமல் போவதற்கும் இந்தத் தயார்நிலை ஒரு காரணமாக இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் நெஞ்சு வலியை முதன்முதலில் தெளிவாக விவரித்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்தே ஏறக்குறைய குணமான ஒரு நோயாளியைக் குறிப்பிட்டிருக்கிறார்.

இந்தப் பாதுகாப்பு எப்படிக் கிடைக்கிறது என்று தேடிப் போனவர்கள் மறுபடி நைட்ரிக் ஆக்சைடிடம்தான் வந்து சேர்ந்தார்கள். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், உங்கள் நண்பரோடு வாதாட உதவும்.

தமனி அடைபட்டால் இதயத் தசைக்கு ஆக்சிஜன் நிற்கும். செல்லின் சக்தி இருப்பு கரையும், அமிலம் சேரும், கால்சியம் உள்ளே வரும். தசை சாவது இதயத்தின் உட்பக்கத்தில் தொடங்கி, மணிக்கணக்கில் வெளிப்பக்கம் நோக்கிப் பரவும். விந்தை என்னவென்றால், அடைப்பைத் திறந்து இரத்தம் திரும்பப் பாயும் முதல் சில நிமிடங்களிலும் ஒரு சேதம் நடக்கிறது. பட்டினி கிடந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குள் (செல்லின் சக்தி ஆலை) ஆக்சிஜன் திடீரென்று புகும்போது, அங்கிருந்து தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெடித்துக் கிளம்பும். மைட்டோகாண்ட்ரியாவின் உறையில் ஒரு துளை திறந்துகொள்ளும். அது திறந்தே இருந்தால் அந்தச் செல் பிழைக்காது.

நைட்ரிக் ஆக்சைடு இங்கே பல இடங்களில் கைகொடுக்கிறது. சி.ஜி.எம்.பி. வழியாகப் புரதக் கைனேஸ் ஜி என்ற நொதியை இயக்கி, அந்தத் துளை திறப்பதைத் தடுக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் முதல் வளாகம் என்ற புரதத் தொகுதியில் ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜன் வந்த வேகத்தில் அது முழுமூச்சாக ஓடாமல் சில நிமிடம் தாமதப்படுத்துகிறது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும், வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டுவதையும் குறைக்கிறது. ஒரு சிக்கலும் இருக்கிறது. உள்வரிச் செல்கள் இந்த வாயுவைச் செய்ய ஆக்சிஜன் வேண்டும் என்றேன் அல்லவா? அடைப்பு நேரத்தில் ஆக்சிஜனே இல்லையே. அதற்கும் உடம்பில் மாற்று வழி உண்டு. இரத்தத்திலும் தசையிலும் இருக்கும் நைட்ரைட் என்ற உப்பு, அமிலம் கூடி ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மயோகுளோபின் போன்ற புரதங்களின் உதவியோடு நைட்ரிக் ஆக்சைடாக மாறும். தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில். அளவு முக்கியம். அழற்சியின்போது வேறொரு நொதி இதே வாயுவைக் கட்டுக்கடங்காமல் உற்பத்தி செய்யும், அது தசைக்கே தீங்கு.

இவ்வளவு தெரிந்த பிறகு இதை மருந்தாக்காமல் விடுவார்களா? மாரடைப்போடு வந்தவர்களுக்கு, அடைப்பைத் திறக்கும் நேரத்தில் நைட்ரைட்டை நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். நைட்ரிக் ஆக்சைடு வாயுவையே சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். தசைச் சேதம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. இரத்த அழுத்தப் பட்டையைக் கையில் கட்டி, ஐந்து நிமிடம் இறுக்கி ஐந்து நிமிடம் தளர்த்தினால் தூரத்தில் இருக்கும் இதயம்கூடத் தயாராகும் என்று விலங்குகளில் பார்த்ததை, 5,000க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவு: மரணமும் குறையவில்லை, இதயச் செயலிழப்பும் குறையவில்லை. சோதனைக்கூடத்து நாய்க்கும் எலிக்கும் இளம் வயது, சுத்தமான குழாய். நம் நோயாளிக்கு 61 வயது, இனிப்பு நீர், ஏற்கெனவே ஐந்தாறு மருந்து. எனக்கு இதில் பெரிய வியப்பு இல்லை.

நண்பரின் யோசனையை நான் மறுப்பதும் இதனால்தான். முன்பழக்கத்தின் காவல் ஓரிரு மணி நேரம் இருக்கும், மறுநாள் மங்கலாக ஒருமுறை திரும்பும், பிறகு போய்விடும். சனிக்கிழமை ஏறியது புதன்கிழமைக்கு உதவாது. நீரிழிவு உள்ள இதயத்தில் அது சரியாக எழும்புவதும் இல்லை. கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை இந்தத் தயார்நிலையை மட்டுப்படுத்துவதை, அடைப்பைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையின்போது பார்த்திருக்கிறார்கள். உங்கள் சர்க்கரை மாத்திரை எது என்று எழுதவில்லை. அதுதான் என்றால் நீங்களாக நிறுத்தாமல், மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாய்களுக்கு அடைப்பைத் திறக்க ஆள் பக்கத்திலேயே நின்றார்கள். உங்களுக்கு 250ஆவது படியில் யார் நிற்பார்கள்?

தண்ணீர்மலைக்கு 513 படி. ஆஞ்சியோகிராம் அல்லது ஸ்ட்ரெஸ் டெஸ்ட் முடியும்வரை அதை விடுங்கள். முருகன் கீழே செட்டியார் கோயிலிலும் இருக்கிறார். நடையை மட்டும் விட வேண்டாம். பந்தாய் பெர்சி கடற்கரையில் காலையில் வெயில் ஏறுமுன் சமதரையில், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் நடங்கள். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக. இறுக்கம் தோன்றினால் நின்றுவிட வேண்டும், தாண்டிப் போகலாம் என்று பார்க்கக் கூடாது. நடக்கும்போது இரத்தம் குழாய்ச் சுவரை உரசிப் போகிறது. அந்த உரசல்தான் உள்வரிச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கக் கிடைக்கும் மிக வலுவான கட்டளை. இதய நோயாளிகளுக்குச் சில வாரம் முறையான பயிற்சி கொடுத்து, பிறகு பைபாஸ் அறுவையில் எடுத்த தமனித் துண்டைச் சோதித்தபோது, அந்த நொதி கூடியிருந்ததை ஜெர்மனியில் கண்டார்கள். தூள் செய்வதாகச் சொல்வதை நடை செய்கிறது.

மச்சான் குறைக்கச் சொன்ன மாத்திரைகளில் அட்டோர்வாஸ்டாட்டினும் ஒன்று என்று நினைக்கிறேன். எல்லாரும் அதைத்தான் முதலில் குறைக்கிறார்கள். கொழுப்பைக் குறைப்பதோடு அது நைட்ரிக் ஆக்சைடு நொதியையும் காப்பாற்றிக் கூட்டுகிறது. நிஜமான நைட்ரிக் ஆக்சைடு மாத்திரை வேண்டுமென்றால் அரசாங்கக் கிளினிக்கில் அது ஏற்கெனவே உங்கள் பையில் போடப்பட்டுவிட்டது.

சாப்பாட்டில் வழி உண்டா என்றால், உண்டு. கீரை, பீட்ரூட், காங்கோங் இவற்றில் நைட்ரேட் நிறைய (உங்கள் மாத்திரையில் இருக்கும் நைட்ரேட் வேறு, இது வேறு). சாப்பிட்டது இரத்தத்தில் சேர்ந்து, உமிழ்நீர் வழியாக மறுபடி வாய்க்கு வரும். நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். மேலே சொன்ன அவசர இருப்பு அப்படித்தான் நிரம்புகிறது. கிருமி கொல்லும் மவுத்வாஷால் தினமும் கொப்பளிக்கிறவர்களுக்கு இந்தப் பாதை அடைபடும். 2008இல் லண்டனில் ஆரோக்கியமானவர்களுக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்தபோது, சில மணி நேரத்தில் மேல் அழுத்தம் சுமார் 10 புள்ளி இறங்கியது. உங்களுக்குச் சாறு வேண்டாம், சர்க்கரை ஏறும். பொரியலாகச் சாப்பிடுங்கள். நைட்ரேட் தண்ணீரில் கரையும், கீரை வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதென்று சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு பொருந்தாது. பொட்டாசியம் ஏறும், மருத்துவரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். கீரை அடைப்பைத் திறக்காது, மாத்திரைக்குப் பதிலும் ஆகாது.

ஐசோர்டில் விஷயத்தில் கிளினிக் செய்தது சரி, காரணம் சொல்லாததுதான் தப்பு. வெடிமருந்து ஆலைகளில் நைட்ரோகிளிசரினைக் கையாண்ட தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமை காலையில் மண்டை பிளக்கும். வார நடுவில் வலி போய்விடும், உடம்பு பழகிவிட்டது. ஞாயிறு விடுமுறைக்குப் பின் திங்கள் மறுபடி வலி. குழாய்கள் நைட்ரேட்டுக்கு இவ்வளவு சீக்கிரம் பழகிவிடும் என்பதால், 24 மணி நேரமும் அது இரத்தத்தில் இருந்தால் மருந்து செத்துப்போகும். காலை எட்டு, பகல் ஒன்று, மாலை ஆறு என்று கொடுத்து இரவை மருந்தில்லாமல் விடுவது அதற்காகத்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நைட்ரேட் வலியைக் குறைக்கும், ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. 58,050 மாரடைப்பு நோயாளிகளைச் சேர்த்து 1995இல் வெளியான ஆய்வில் நைட்ரேட் மாத்திரையால் மரணம் குறையவில்லை. ஆயுளைக் காப்பது ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும். வலி இல்லை என்று அவற்றை விட்டுவிடாதீர்கள்.

ஜி.டி.என். மாத்திரை அது வந்த கண்ணாடிப் புட்டியிலேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டியில் போட்டால் மருந்து ஆவியாகிப் பிளாஸ்டிக்கில் ஊறிவிடும். நம் ஊர் வெயிலில் காரில் வைக்காதீர்கள். திறந்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள், எட்டு வாரம் ஆனதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு ஒன்று வையுங்கள், நின்றுகொண்டு வைத்தால் மயங்கி விழலாம். தலை வலித்தால் பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வலி அடங்கவில்லை என்றால் 999க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாதவர் ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கலாம். மகன் காரில் கூட்டிப் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். சோதனைக்கூடம் சொன்ன அத்தனை வழிகளையும்விட, அடைப்பு எத்தனை நிமிடத்தில் திறக்கப்படுகிறது என்பதுதான் தசையைக் காப்பாற்றுகிறது. அதில் சந்தேகமே இல்லை.

மூன்று மாதம் காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. புதிதாகத் தொடங்கிய வலி, இடது தோள்வரை போகிறது, இனிப்பு நீரும் இருக்கிறது. இந்த வாரமே கிளினிக்குக்குத் திரும்பப் போய் இந்த மூன்றையும் சொல்லி, தேதியை முன்னால் போடக் கடிதம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க ஆகும் கட்டணத்தைத் தூளின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குள் உட்கார்ந்திருக்கும்போது வலித்தாலோ, தூக்கத்தில் வலி எழுப்பினாலோ, பத்துப் படிக்கே இறுக்கினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். போகும்போது மாத்திரைகளோடு தூள் பாக்கெட்டையும் காப்பிப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள்.

மச்சானோடு சண்டை வேண்டாம். அவரும் அந்தத் தூளைத் தினமும் குடிக்கிறாரா, சர்க்கரையும் அழுத்தமும் கடைசியாக எப்போது பார்த்தார் என்று மட்டும் கேளுங்கள். கிளினிக்குக்கு அவரையும் கூடவே அழைத்துப் போனால் நல்லது.